பதினாறு மணி நேரம் பசித்திருக்கலாமா? விரதம், நோன்பு, ஃபாஸ்டிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பில் நீரிழிவு கிளினிக்கில் பல வருடம் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இன்றைக்கும் சந்தையிலோ கோயில் வீதியிலோ காத்தான்குடி பஸ்ஸிலோ என்னைக் கண்டால் ஆட்கள் சாப்பாட்டைப் பற்றித்தான் கேட்பார்கள். கொஞ்சக் காலமாக எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: "மிஸ், இந்த ஃபாஸ்டிங் செய்யலாமா?" ஒவ்வொருவருக்கும் நின்ற நிலையில் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதுகிறேன். சீனி வருத்தத்துக்கு (நீரிழிவுக்கு) குளிசையோ ஊசியோ பாவிக்கிறவர்கள் முதலில் அந்தக் கேள்வியைத் தேடி வாசித்துவிட்டு வாருங்கள். மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

ஃபாஸ்டிங் என்று இப்போது எல்லாரும் சொல்வது எதை?

இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங் என்பதன் சுருக்கம் அது. எதைச் சாப்பிடுவது என்று பார்ப்பதைவிட எப்போது சாப்பிடுவது என்று பார்க்கிற முறை. அதிகம் பேசப்படுவது 16:8. ஒரு நாளின் 24 மணி நேரத்தில் 8 மணி நேரத்துக்குள் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, மீதி 16 மணி நேரம் தண்ணீரோடு இருப்பது. 5:2 என்று இன்னொன்று. கிழமையில் ஐந்து நாள் வழக்கம்போலச் சாப்பிட்டு, இரண்டு நாள் மட்டும் 500, 600 கலோரி அளவில் நிறுத்துவார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் இருப்பவர்களும் உண்டு. எங்கள் பக்கத்தில் என்னிடம் கேட்கிறவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் 16:8ஐத்தான் சொல்கிறார்கள்.

இதைத் தமிழில் 'உண்ணாவிரதம்' என்று சொன்னால் என்ன?

மற்ற இடங்களில் சொல்லலாம். மட்டக்களப்பில் எனக்கு வாய் வராது. 1988 மார்ச் 19 அன்று மாமாங்கப் பிள்ளையார் கோயில் முன்றலில் இந்திய அமைதிப்படையிடம் போர்நிறுத்தமும் பேச்சுவார்த்தையும் கேட்டு உண்ணாமல் அமர்ந்த அன்னை பூபதி, ஏப்ரல் 19 அன்று உயிர் விட்டார். பிள்ளைகளைப் பெற்று வளர்த்த தாய். இந்த ஊரில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சொல் அவரைத்தான் கண்முன் கொண்டுவரும். இடுப்பளவு குறைப்பதற்கு அதே சொல்லை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் இதில் 'நேரம் வைத்துச் சாப்பிடுதல்' என்றே எழுதுகிறேன்.

எங்களுக்கு இது புதிதா? விரதமும் நோன்பும் இதுதானே?

பழக்கம் புதிதில்லை. வாவிக்குக் கிழக்கே கடலோரமாக இருக்கிற எழுவான்கரையில், வடக்கே வாழைச்சேனையில் ஏறி அம்பாறைப் பக்கம் பொத்துவில்வரை பஸ்ஸில் போனால், பசித்திருப்பதற்கு ஒரு காரணமும் ஒரு நாளும் இல்லாத ஊரே கிடையாது.

சைவர்களைப் பாருங்கள். வெள்ளிக்கிழமை, புரட்டாதிச் சனி, பிரதோஷம், சிவராத்திரி, தகப்பன் இல்லாதவர்களுக்கு ஆடி அமாவாசை, தாய் இல்லாதவர்களுக்குச் சித்திரா பௌர்ணமி. கேதார கௌரி விரதம் இருபத்தொரு நாள். பகல் முழுக்க இருந்து பூசை முடிந்த பிறகு ஒரு நேரம் சாப்பிடுவார்கள். கந்தசஷ்டி ஆறு நாள். மண்டூரிலும் திருக்கோவிலிலும் அந்த ஆறு நாளும் கோயிலோடேயே கிடக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று எல்லாம் ரமழான் முப்பது நாளும் பகலில் அடங்கியிருக்கும். நாம் பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருப்பதால் இங்கே எந்த வருடமும் நோன்பு ஏறத்தாழப் பதின்மூன்றரை மணி நேரம்தான். கோடையில் ரமழான் வந்தால் ஐரோப்பாவின் வடக்கில் இருக்கிற முஸ்லிம்கள் பதினெட்டு மணி நேரத்துக்கு மேலும் இருக்கிறார்கள். கத்தோலிக்கர் தபசு காலத்தில் சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் ஒரு முழுச் சாப்பாட்டோடு நிறுத்துவார்கள். திருச்சபை அந்தக் கடமையை 18 வயதிலிருந்து 59 வயதுவரைதான் வைத்திருக்கிறது. அம்பாறை விகாரைகளில் போயா தினத்தில் (பௌர்ணமியில்) சில் எடுக்கிற, அதாவது எட்டு ஒழுக்கங்களைக் கடைப்பிடிக்கிற பௌத்தர்கள் மதியத்துக்குப் பிறகு திண்ம உணவு தொடமாட்டார்கள். பிக்குகளுக்கோ அது தினமும் உள்ள ஒழுக்கம். சாப்பாட்டை நாளின் முற்பாதிக்குள் முடிக்கிற அந்த வழக்கத்தை இன்றைய ஆராய்ச்சிக்காரர்கள் நிரம்ப மதிக்கிறார்கள். ஏனென்று கீழே சொல்கிறேன்.

ஆனால் ஒன்று. விரதமும் நோன்பும் கடவுளுக்காக. கோபம், பொய், புறங்கூறல் எல்லாவற்றையும் சேர்த்து அடக்குவது. மெலிவதற்காக நோன்பு பிடிக்கிறேன் என்று சொல்கிற பிள்ளைகளிடம் நான், "அதை வேறாக வை மகள், இதை வேறாக வை" என்றுதான் சொல்வேன். ரமழானில் பலருக்கு ஒரு கிலோ அளவில் எடை குறைவதும், பெருநாள் முடிந்து சில கிழமைக்குள் அது திரும்பி வருவதும் பல நாட்டு ஆய்வுகளில் கண்ட விஷயம். நோன்பு எடை குறைக்க வந்ததில்லை என்பதால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மனிதர் ஆதியிலிருந்தே மூன்று நேரம் சாப்பிட்டவர்களா?

இல்லை. வேட்டையாடியும் கிழங்கு, தேன், பழம் தேடியும் வாழ்ந்த காலத்தில் கிடைத்த நேரம்தான் சாப்பாட்டு நேரம். உழவு வந்து தானியத்தைச் சேமிக்கத் தெரிந்த பிறகே நாளுக்கு இத்தனை நேரம் என்று வைக்க முடிந்தது. மணிக்கூடு பார்த்து மூன்று வேளை சாப்பிடுவது தொழிற்சாலையும் பள்ளிக்கூடமும் கந்தோரும் வந்த பிறகு பரவிய ஒழுங்கு. பசியைத் தாங்கும் வழி நம் உடம்பில் இருப்பது இதனால்தான். அது இல்லாமல் போயிருந்தால் ஒரு மழை பொய்த்த வருடத்திலேயே நம் இனம் முடிந்திருக்கும்.

எங்கள் வீட்டுக் கதைக்கே வருகிறேன். என் பெத்தா (பாட்டி) வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வேளாண்மைக் குடும்பத்தில் பிறந்தவர். விடிந்து வீட்டு வேலை முடித்து, பழஞ்சோற்றில் எருமைத் தயிரை ஊற்றிச் சின்ன வெங்காயத்தோடு சாப்பிடுவார். மத்தியானம் வயலுக்குக் கொண்டுபோகும் சோறு. பொழுது பட்டு விளக்கு வைத்தவுடன் மூன்றாவது சாப்பாடு. விளக்கெண்ணெய் செலவு என்று அதற்குப் பிறகு அடுப்பு எரியாது. இடையில் ஏதும் கிடைத்தால் ஒரு பிடி கச்சான், மாம்பழக் காலத்தில் மாம்பழம். படுவான்கரைக் கிராமங்கள் பலவற்றுக்குச் சண்டை ஓய்ந்த பிறகுதான் மின்சாரம் போனது. அதுவரை இந்த ஒழுங்கு அங்கே குலையாமல் இருந்தது. யாரும் அதை ஃபாஸ்டிங் என்று சொல்லவில்லை. மாலை ஏழு மணியிலிருந்து காலை எட்டு மணிவரை பதின்மூன்று மணி நேரம் வயிறு ஓய்ந்திருந்தது.

இப்போது ரவுணில் ஒரு சாதாரண வீட்டைப் பாருங்கள். காலை ஆறு மணிக்குச் சீனி போட்ட பால் தேத்தண்ணி. எட்டு மணிக்குப் பாணோ இடியப்பமோ. பத்துக்கு மறுபடி தேத்தண்ணியும் வடையும். இரண்டு மணிக்குச் சோறு. ஐந்துக்குத் தேத்தண்ணி, பணிஸ். இரவு பத்து மணிக்கு ரொட்டி, புட்டு, இல்லையென்றால் கடையிலிருந்து கொத்து. காலை ஆறிலிருந்து இரவு பத்துவரை எத்தனை மணி நேரம்? பதினாறு. ஓய்வு எட்டு மணி நேரம். 16:8ஐ நாம் தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறோம்!

இது நம் ஊரில் மட்டும் இல்லை. 2015இல் அமெரிக்காவின் சால்க் நிறுவனத்தில் சச்சின் பாண்டாவின் குழு, ஆட்களைச் சாப்பிடும்போதெல்லாம் போனில் படம் எடுக்கச் சொல்லிப் பார்த்தது. பாதிக்கு மேற்பட்டவர்கள் ஒரு நாளில் பதினைந்து மணி நேரமளவு வாயில் எதையாவது போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். காலைத் தேத்தண்ணியைப் பரம்பரை வழக்கம் என்று நினைக்கிறோம். தேயிலை இலங்கையில் வணிகத் தோட்டப் பயிராக வந்ததே 1867இல். பாண் என்ற சொல்லே போர்த்துக்கேயரிடம் வாங்கியது.

சாப்பிடாமல் இருக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது?

சாப்பிட்டவுடன் இரத்தத்தில் சீனி ஏறும், அதை உள்ளே அனுப்ப இன்சுலின் சுரக்கும். உடனே தேவைப்படாத சீனியை ஈரல் கிளைக்கோஜனாக மூட்டை கட்டி வைக்கும். ஏறக்குறைய 100 கிராம். வீட்டுக் குசினியில் நாளாந்தச் செலவுக்கு வைத்திருக்கிற அரிசிப் பானை மாதிரி அது. கடைசிச் சாப்பாடு முடிந்து சில மணி நேரத்தில் இன்சுலின் இறங்கும். உடம்பு அந்தப் பானையிலிருந்து அள்ளத் தொடங்கும். பன்னிரண்டு மணி நேரம் தாண்டும்போது பானை அடி தெரியும். பிறகு கொழுப்புப் பட்டறையைத் திறந்து, அதிலிருந்து கீட்டோன் என்ற எரிபொருளைச் செய்து மூளைக்கும் கொடுக்கும். ஆளுக்கு ஆள், அன்றைக்குச் சாப்பிட்டது, செய்த வேலை எல்லாவற்றையும் பொறுத்து இந்த நேரம் மாறும். சரியாகப் பதினாறாவது மணியில் ஏதோ கதவு திறக்கிறது என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள்.

ஆட்டோஃபேஜி என்று ஒன்று நடந்து உடம்பு கழிவெல்லாம் தின்றுவிடுமாமே? நோபல் பரிசும் கொடுத்தார்களாமே?

கொடுத்தது உண்மை. 2016இல் ஜப்பானிய விஞ்ஞானி யோஷினோரி ஒசுமி மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்றார். உயிரணு தன் பழுதான பகுதிகளைத் தானே உடைத்து மறுபடி பயன்படுத்துகிற விதத்தை அவர் ஈஸ்டில் கண்டுபிடித்தார், அப்பம் புளிக்க வைக்கிறோமே அந்த ஈஸ்டில். பட்டினி போட்டால் அந்த வேலை கூடுவதையும் அதில் கண்டார்கள். ஆனால் மட்டக்களப்பில் ஒருவர் பதினாறு மணி நேரம் இருந்தால் அவர் ஈரலிலும் மூளையிலும் அது எவ்வளவு நடக்கிறது என்று அளந்து காட்டிய ஆய்வு கிடையாது. அந்தப் பரிசைக் காட்டி புற்றுநோய் கரையும், வயது குறையும் என்று வீடியோ போடுகிறவர்கள் செய்வது பெரிய பிழை. கீமோ எடுக்கிற ஒரு நோயாளி இதை நம்பிச் சாப்பாட்டைக் குறைத்து உருக்குலைந்ததை நான் பார்த்திருக்கிறேன். இதை எழுதும்போதும் எனக்கு மனம் பொறுக்கவில்லை.

மெலிவேனா?

நீங்கள் மொத்தமாகக் குறைத்துச் சாப்பிட்டால் மெலிவீர்கள். நேரத்துக்கென்று தனியாகப் பெரிய மந்திரம் இல்லை.

2020இல் அமெரிக்காவில் 116 பேரை இரண்டாகப் பிரித்து 12 கிழமை பார்த்தார்கள். ஒரு குழுவினர் மத்தியானம் பன்னிரண்டிலிருந்து இரவு எட்டுவரை மட்டும் சாப்பிட்டார்கள். மற்றவர்கள் வழக்கமான மூன்று வேளை. நேரம் வைத்தவர்கள் சராசரியாக ஒரு கிலோவுக்கும் சற்றுக் குறைவாக இறங்கினார்கள். மற்றக் குழுவும் கிட்டத்தட்ட அவ்வளவே. இதைவிட என்னைக் கவலைப்படுத்தியது, நேரம் வைத்தவர்கள் இழந்த எடையில் பெரும்பங்கு கொழுப்பில்லாத திசு, அதாவது தசையும் அதோடு சேர்ந்ததும். 2022இல் சீனாவின் குவாங்சோவில் 139 பேரை ஒரு வருடம் பார்த்தார்கள். இரண்டு குழுவுக்கும் ஒரே அளவு கலோரிக் குறைப்பு. ஒரு குழு மட்டும் காலை எட்டிலிருந்து மாலை நாலுக்குள் சாப்பிட்டது. அவர்கள் 8 கிலோ, மற்றவர்கள் 6.3 கிலோ குறைந்தார்கள். புள்ளிவிபரக் கணக்கில் அந்த வித்தியாசம் உறுதியாகத் தேறவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் இருக்கிற முறையை 2017இல் 100 பேரில் பார்த்தபோதும் அப்படித்தான். அதோடு அந்த முறையை இடையில் கைவிட்டவர்களும் மற்றக் குழுவைவிடக் கூட.

அப்படியென்றால் பயனில்லையா என்றால், இருக்கிறது. கலோரி எண்ணத் தெரியாது, கிராம் நிறுக்கத் தராசு இல்லை என்கிற ஒருவருக்கு, "இரவு ஏழரைக்குப் பிறகு வாயைக் கட்டு" என்பது லேசாகப் புரியும். கொத்தும் ரோல்ஸும் சோடாவும் அந்த நேரத்துக்குப் பிறகுதானே வருகின்றன. அவை நின்றாலே கணக்குக் குறைகிறது. மெலிகிறவர்கள் மீன், முட்டை, பயறு, கடலை, தயிர் ஆகியவற்றைக் குறைக்காதீர்கள். வாவி இறாலும் நெத்தலியும் நம் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கின்றன. கொஞ்சம் உடலை வருத்தி வேலையும் செய்யுங்கள். தசை போகாமல் இருக்க அதுதான் வழி.

காலைச் சாப்பாட்டை விடுவதா, இரவுச் சாப்பாட்டை விடுவதா?

இதில் என் கட்சி ஒன்றுதான்: இரவை முன்னுக்குக் கொண்டுவாருங்கள்.

ஒரே அளவு சோற்றைக் காலையில் சாப்பிட்டால் ஏறுகிற சீனியைவிட இரவில் சாப்பிட்டால் ஏறுவது கூட. உடம்புக்கு உள்ளே ஒரு மணிக்கூடு ஓடுகிறது. பொழுது பட்டபின் இன்சுலின் வேலை செய்வது மந்தமாகும். 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சீனி வருத்தத்தின் விளிம்பில் இருந்த எட்டு ஆண்களை ஐந்து கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு முன்பே கடைசிச் சாப்பாட்டை முடிக்க வைத்தார்கள். எடை குறையாதபடி வேண்டிய அளவு சாப்பாடு கொடுத்தும் இன்சுலின் வேலை செய்யும் திறன் கூடியது, பிரஷரும் இறங்கியது. எட்டே பேர், சின்ன ஆய்வுதான். ஆனாலும் போயா தினத்தில் சில் எடுக்கிற அம்மாமாரின் ஒழுங்கும், விளக்கு வைத்தவுடன் சாப்பிட்ட என் பெத்தாவின் ஒழுங்கும் இதனோடு ஒத்துப்போகின்றன.

நம் ஆட்கள் செய்வது நேர்மாறு. காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு, பதினொரு மணிக்குக் கை நடுங்க இரண்டு பணிஸ் தின்று, இரவு ஒன்பதுக்கு முழு வயிறு அடைப்பது. அதைச் செய்வதற்குப் பேசாமல் பழையபடியே இருக்கலாம்.

மூன்று மணிக்குக் கடைசிச் சாப்பாடு என்பது வேலைக்குப் போகிற யாராலும் முடியாது என்பது எனக்குத் தெரியும். பிள்ளைகள் ரியூஷன் முடிந்து வர ஏழு மணி. கடைக்காரர் கடை பூட்ட எட்டு. ஏழரைக்குள் குடும்பமாகச் சாப்பிட முடிந்தால் அதுவே பெரிய காரியம். முடியாதவர்கள் இரவுச் சாப்பாட்டின் அளவைப் பாதியாக்கி, மத்தியானத்தைக் கனக்க வையுங்கள்.

இடையில் தேத்தண்ணி குடிக்கலாமா?

சீனியும் பாலும் இல்லாத பிளேன்டீ, கோப்பி, தண்ணீர் குடிக்கலாம். ஒரு தேக்கரண்டி சீனி ஏறக்குறைய நாலு கிராம், அது சாப்பாட்டுக் கணக்கில் சேரும். இளநீரும் சேரும். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பதும் சேரும்.

எனக்குச் சீனி வருத்தம். குளிசை போடுகிறேன். செய்யலாமா?

இந்தப் பதிலை இரண்டு தரம் வாசியுங்கள்.

2005, 2006 காலப்பகுதியில் நாடளாவிச் செய்த ஆய்வில் இலங்கையின் வளர்ந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. விளிம்பில் நிற்கிறவர்களையும் சேர்த்தால் ஐந்தில் ஒருவர். ஆகவே இந்தக் கேள்வி எந்த வீட்டுக்கும் வரும்.

நீங்கள் போடுவது மெட்ஃபோமின் மட்டும் என்றால் சீனி ஆபத்தாக இறங்குவது அரிது. கிளிபென்கிளமைட், கிளிக்ளசைட், தொல்பியூட்டமைட் போன்ற குளிசைகளும் இன்சுலின் ஊசியும் வேறு விதம். நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அவை சீனியை இறக்கிக்கொண்டே இருக்கும். குளிசையைப் போட்டுவிட்டு பதினாறு மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் மயங்கி விழலாம். வாவிக்கரை றோட்டில் மோட்டார்சைக்கிள் ஓடும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் வகைக் குளிசைக்காரருக்கு இன்னொரு ஆபத்து: நீண்ட பட்டினியில் கீட்டோன் அளவுக்கு மீறி இரத்தம் அமிலமாகலாம், சீனி அவ்வளவு ஏறாமலேயே. பிரஷர் குளிசையும் நீர் போகும் குளிசையும் எடுப்பவர்களுக்கு இந்த வெயிலில் தலைசுற்றும்.

ஆகவே நீங்களாகக் குளிசையை நிறுத்தவும் வேண்டாம், நீங்களாகப் பட்டினியைத் தொடங்கவும் வேண்டாம். கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு போய் டொக்டரிடம், "இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிவரை சாப்பிடாமல் இருக்க யோசிக்கிறேன், எந்தக் குளிசையை எப்போது போட?" என்று நேராகக் கேளுங்கள். ஏசுவார் என்று பயந்து மறைக்கிறவர்கள்தான் பிறகு வாட்டில் படுக்கிறார்கள்.

கை நடுக்கம், வியர்வை, நெஞ்சுப் படபடப்பு, கண் மங்கல், காரணமில்லாத எரிச்சல் வந்தால் சீனி இறங்குகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். உடனே மூன்று நாலு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். பதினைந்து நிமிடத்தில் தெளியவில்லையென்றால் மறுபடி அதே அளவு. தெளிந்த பிறகு சாப்பிடுங்கள். மயங்கிக் கிடக்கிறவரின் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

ரமழானில் சீனி வருத்தக்காரர் நோன்பு பிடிப்பது எப்படி?

பதின்மூன்று நாடுகளில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நீரிழிவு நோயாளரைப் பார்த்து 2001இல் நடந்த எபிடயர் ஆய்வு, இரண்டாம் வகை நீரிழிவுக்காரருக்கு நோன்பு மாதத்தில் சீனி கடுமையாக இறங்குவது ஏழரை மடங்கு கூடியதைக் காட்டியது. அதற்குப் பிறகுதான் நோன்புக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே டொக்டரைக் கண்டு குளிசை நேரத்தை மாற்றுகிற முறை வலுத்தது. சஹர் நேரத்துக் (விடியுமுன் சாப்பிடுகிற நேரத்துக்) குளிசையையும் நோன்பு திறக்கிற நேரத்துக் குளிசையையும் எப்படிப் பிரிப்பது என்று அவர்கள் சொல்வார்கள்.

விரல் குத்திச் சீனி பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதே உலமாக்கள் பொதுவாகச் சொல்வது. இரத்தத்தில் சீனி ஒரு டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினாலும் 300க்கு மேலே ஏறினாலும் நோன்பைத் திறந்துவிடச் சொல்கின்றன சர்வதேச வழிகாட்டல்கள். நோயாளிக்கு மார்க்கமே சலுகை கொடுத்திருக்கிறது. ஆனாலும் காத்தான்குடியில் ஒரு உம்மா என்னிடம், "முப்பது வருசம் விடாத நோன்பு மிஸ், எப்படி விடுறது?" என்று அழுதது இன்னும் காதில் இருக்கிறது. அவரோடு சேர்ந்து மௌலவியிடமும் டொக்டரிடமும் பேசித்தான் அந்த வருடம் ஒரு வழி செய்தோம்.

நோன்பு திறந்தபின்: பேரீச்சம்பழம் ஒன்றிரண்டு, தண்ணீர், நோன்புக் கஞ்சி ஒரு கோப்பை. கஞ்சி நல்ல சாப்பாடு. அரிசியும் இறைச்சியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்தது. அதோடு சமோசா, ரோல்ஸ், ஃபலூடா என்று அடுக்கும்போதுதான் பிழைக்கிறது.

கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் தண்ணீரோடு இருக்கலாமா? பாரணைக்கு, அதாவது விரதம் முடிக்கிற சாப்பாட்டுக்கு, என்ன சாப்பிட?

சுகமாக இருக்கிறவர்கள் பாலும் பழமும் எடுத்து இருப்பதில் தவறில்லை. ஆறு நாளும் வெறும் தண்ணீர் என்பது வேறு. ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றும் சாப்பிடாதவர் திடீரென்று நிறையச் சாப்பிட்டால், ஏறுகிற இன்சுலின் இரத்தத்தில் இருக்கிற பொஸ்பேற்று, பொட்டாசியம், மக்னீசியத்தை உயிரணுக்களுக்குள் இழுத்துக்கொள்ளும். இதயத் துடிப்புக் குழம்பலாம். இரண்டாம் உலகப் போர் முடிந்து முகாம்களிலிருந்து மீட்ட ஆட்கள் வயிறாரச் சாப்பிட்ட பிறகு இறந்துபோனபோதுதான் மருத்துவ உலகம் இதைக் கவனித்தது.

என் மாமி ஒருவர் இப்படித்தான். சூரன்போர் முடிந்த அடுத்த நாள், பாரணை என்று விடியற்காலையில் ஆறு கறியோடு சோறு, வடை, பாயாசம் எல்லாம் சாப்பிட்டு, ஒன்பது மணிக்கு நெஞ்சு அடைக்கிறது என்று சரிந்தார். அப்போது நான் பயிற்சித் தாதி. புண்ணியத்தால் தப்பினார். அடுத்த வருடத்திலிருந்து அவர் பாரணை கஞ்சியில் தொடங்கியது.

ஏகாதசி இருந்தவர்கள் துவாதசியில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சேர்ப்பது வழக்கம். அந்தக் காலத்தவர் விரதத்தை முடிக்கிற வேளையையும் தொடங்குகிற வேளை மாதிரிக் கவனித்திருக்கிறார்கள். முதலில் கஞ்சித் தண்ணீர், இரண்டு மணி நேரம் கழித்துக் கொஞ்சம் சோறும் கீரையும் பருப்பும், மறுநாள் வழக்கமான சாப்பாடு. இது போதும்.

16:8 செய்தால் மாரடைப்பு வரும் என்று செய்தி வந்ததே?

2024 மார்ச்சில் அமெரிக்க இதயச் சங்கத்தின் கூட்டமொன்றில் சொன்னது. ஏறக்குறைய 20,000 பேரின் தரவைப் பார்த்து, எட்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டவர்கள் இதயநோயால் இறப்பது 91 வீதம் கூட என்றார்கள். ஆனால் அவர்கள் ஒவ்வொருவரிடமும் சாப்பாட்டைக் கேட்டது இரண்டே இரண்டு நாளுக்கு. குறைந்த நேரத்தில் சாப்பிட்டவர்களில் நோயாளிகளும் இரண்டு வேலை பார்க்கிறவர்களும் எத்தனை பேர் என்பதை அது பிரித்துக் காட்டாது. பயப்பட இது போதாது. "ஆயுளுக்கும் நல்லது" என்று அடித்துச் சொல்கிறவர்களுக்கும் இது ஒரு தடை.

யார் தொடவே கூடாது?

கர்ப்பிணிகள், பால் கொடுக்கிற தாய்மார், பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள், ஏற்கெனவே மெலிந்து போனவர்கள், சாப்பாட்டோடு மனப்போராட்டம் உள்ளவர்கள், முதலாம் வகை நீரிழிவுக்காரர். சிறுநீரக வருத்தக்காரரும் வயிற்றுப் புண்காரரும் டொக்டரைக் கேட்டுத்தான். மாதவிடாய் தப்பத் தொடங்கினால் பெண்கள் அன்றைக்கே நிறுத்துங்கள்.

ஓஎல் பரீட்சைக்குப் படிக்கிற பெண்பிள்ளைகள் போனைப் பார்த்து இதைச் செய்வதைக் காண்கிறேன். வளர்கிற உடம்பு அது. தாய்மாரே, தயவுசெய்து கவனியுங்கள்.

வயல் வேலை, கடல் வேலை செய்கிறவர்கள்?

வெட்டுக் காலத்தில் வெயிலில் குனிந்து நிற்கிறவருக்கும், விடிய இரண்டு மணிக்குத் தோணி தள்ளுகிறவருக்கும் இது தேவையில்லை. அவர்களுக்கு வேண்டியது நேரத்துக்குச் சாப்பாடும் தண்ணீரும். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்வது சிறுநீரகத்தைக் கெடுக்கும். நாற்காலியில் இருந்து வேலை பார்க்கிறவர்களுக்குச் சொன்னதை அவர்கள் தலையில் கட்டாதீர்கள்.

வறுமையில் ஒரு நேரம் சாப்பிடுகிறவர்களும் இதைத்தானே செய்கிறார்கள்?

ஒரு பயிற்சி வகுப்பில் ஒரு தம்பி இப்படிக் கேட்டார். எனக்கு நெஞ்சு கனத்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அந்த மாதங்களில் எங்கள் பக்கத்தில் தாய்மார் தாங்கள் சாப்பிடாமல் பிள்ளைகளுக்குப் போட்டார்கள். அவர்கள் உடம்பிலும் இன்சுலின் இறங்கியிருக்கும், கீட்டோன் ஏறியிருக்கும். ஆனால் அடுத்த சாப்பாடு வரும் என்று தெரிந்து பசித்திருப்பதும், வருமா என்று தெரியாமல் பசித்திருப்பதும் ஒன்றாகாது.

1944, 45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் அன்செல் கீஸ் என்பவர், தாமாக முன்வந்த 36 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு ஆறு மாதம் அரை வயிற்றுச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார். அவர்கள் ஒடுங்கிப் போனார்கள், எரிந்து விழுந்தார்கள், இரவும் பகலும் சாப்பாட்டையே நினைத்தார்கள். சாப்பாடு திரும்பக் கிடைத்த பிறகும் பலருக்கு அந்தப் பசி மாதக்கணக்கில் அடங்கவில்லை. முடிவு தெரிந்த ஆய்வுக்குள் இருந்தவர்களுக்கே இப்படி. பசித்த வீட்டுக்கு முன்னால் நின்று பட்டினியின் நன்மையைப் பேசாதீர்கள்.

சரி, நான் சுகமாக இருக்கிறேன், குளிசை ஒன்றுமில்லை. எப்படித் தொடங்க?

பதினாறில் தொடங்காதீர்கள். முதல் இரண்டு கிழமை பன்னிரண்டு மணி நேரம்: இரவு ஏழரைக்கு முடித்தால் காலை ஏழரைக்கு ஆரம்பம். ஆறு மணித் தேத்தண்ணியில் சீனியையும் பாலையும் மட்டும் எடுத்துவிடுங்கள். கஷ்டமாக இருப்பது அதுதான், நாலைந்து நாளில் பழகும். பிறகு பதின்மூன்று. அங்கேயே நின்றுகொண்டாலும் போதும் என்பது என் எண்ணம். தலையிடி வந்தால் முதலில் தண்ணீர் குடித்துப் பாருங்கள். இடுப்பை ஒரு நாடாவால் அளந்து எழுதி வையுங்கள். நம் ஆட்களுக்கு ஆண்கள் 90 சென்ரிமீற்றர், பெண்கள் 80க்குள் இருப்பது நல்லது. கலியாண வீடு, திருவிழா, பெருநாள் வந்தால் கூடி இருந்து சாப்பிடுங்கள். அடுத்த நாள் மறுபடி தொடங்கினால் சரி.

மகன் கனடாவிலிருந்து போனில் சொல்கிறான், பெத்தாவும் 16:8 இருக்க வேணுமாம். அவருக்கு எழுபத்தெட்டு வயது, ஆள் ஒல்லி. இருக்க வைக்கவா?

வேண்டாம். அந்த வயதில் போகிற தசை லேசில் திரும்பி வராது. அது போனால் விழுவார், விழுந்தால் இடுப்பு எலும்பு முறியும். அவரை அவர் நேரத்துக்கு எழும்பிச் சாப்பிட விடுங்கள். பழஞ்சோறு கேட்டால் கொடுங்கள், தயிர் கொஞ்சம் கூட ஊற்றுங்கள், மத்தியானம் முள் எடுத்த மீன் வையுங்கள். இரவு படுக்கப் போகுமுன் பசிக்கிறது என்றால் அதற்கும் ஒரு கோப்பை பால் கொடுங்கள். மகனிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.